மேலிருந்து எடுத்த வீடியோ

ஆலங்குடி பஸ்ஸுக்காக ஒரு முந்திரிக்காட்டு ஓரத்தில் நிற்கிறேன். காலை பத்து மணிக்கே வெயில் சுடுகிறது. என்னோடு நிற்பது ஒரு கல்லூரி மாணவி மட்டும். எந்த ஊர் என்று கேட்கிறாள். மதுரை என்றதும் தன் போனை என்னிடம் நீட்டுகிறாள்.

"இத யாரு எடுத்ததுன்னு தெரியுதாங்க?"

திரையில், கண்மாய்க்குள் பொக்லைன் மண்ணை வெட்டி டிப்பர் லாரிகளில் கொட்டிக்கொண்டிருக்கிறது. அவளும் இரண்டு தோழிகளும் நேற்றுப் போட்ட வீடியோ. பெயர் இல்லை, பேச்சுச் சத்தத்தையும் எடுத்துவிட்டார்கள்.

"தெரியலையேம்மா."

"வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாதுங்க. மேலேருந்து எடுத்துட்டோம். கண்மாய்க்கரையில மாடி வீடு எங்க வீடு ஒண்ணுதான். போட்ட பெறகுதான் ஒறச்சுச்சு."

"அழிச்சிரலாமே?"

"அழிச்சு என்ன செய்ய? ஊர்ல எல்லார் போன்லயும் இருக்கு."

மண் ஏற்றிய டிப்பர் ஒன்று வந்து எங்களருகே நிற்கிறது. நான் போனைச் சட்டென்று சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். டிரைவர் தலையை நீட்டிச் சிரிக்கிறார்.

"பஸ்ஸுக்கா நிக்கிற, ஆத்தா?"

"ஆமாண்ணே."

"அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லு. ஒங்க மாடியில துணி காயுது. மழை வர்ற மாதிரி இருக்கு."

லாரி ஏற்றிய மண்ணோடு வந்த வழியே, அவள் ஊர்ப்பக்கம் திரும்புகிறது. அவள் போனை வாங்கி அம்மாவை அழைக்கிறாள். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நான் வானத்தை அண்ணாந்து பார்க்கிறேன். ஒரு பொட்டு மேகம் இல்லை.