முறுக்குக் கடிக்கிற சத்தம்

லண்டனிலை இருக்கிற அண்ணா நேற்று போனுக்குள்ளை முறுக்குக் கடிச்சார். "கேக்குதோடி?" எண்டார். வாய் முழுக்கக் கட்டுப்பல்லு, ஆனாலும் சத்தத்துக்குக் குறைச்சலில்லை.

அந்தச் சத்தம் என்னை அண்ணாவை அடைச்சு வைச்சிருந்த மறியல் வாசலிலை கொண்டுபோய் விட்டிட்டுது. சண்டைக் காலம். எனக்கு எட்டு வயசு. கொழும்பு வெள்ளவத்தைச் சுத்திவளைப்பிலை ஆமிக்காரங்கள் அண்ணாவைப் பிடிச்சிட்டாங்கள். அடிச்சாங்களோ எண்டு அம்மாவுக்கு ஒரே யோசனை. கேட்டால் அண்ணா உண்மை சொல்லமாட்டார். அதாலை, பாக்கவிட்ட முதல் நாள் அம்மா கல்லு மாதிரி முறுக்குச் சுட்டவ.

வாசலிலை கார்ட் முறுக்கை உடைச்சுப் பாத்திட்டு, "காலா பலன்ன, நங்கி" எண்டான். நஞ்சு கிஞ்சு இல்லையெண்டு நான் திண்டு காட்ட வேணுமாம். நல்லாத்தான் காட்டினன்.

"காணுமடி, கொண்ணனுக்கும் வை," எண்டு அம்மா கிள்ளினவ.

கம்பி வலைக்கு அங்காலை அண்ணா ஒரு கையிலை முறுக்குக் கடுதாசிச் சரையோடை, மற்றக் கையாலை வாயைப் பொத்திக்கொண்டு நிண்டார்.

"சுகமாத்தான் இருக்கிறன், அம்மா."

"அப்ப ஒண்டைக் கடியன், நான் பாக்க."

"பேந்து தின்னுறன்."

முறுக்கைக் கண்டால் பேந்து எண்டு சொல்லுற ஆளே அவர்?

அடுத்த கிழமை அம்மா பாலிலை ஊறின இடியப்பம் கொண்டு போனவ. கார்ட் தின்னச் சொன்னான். ஒரு துளி கிள்ளித் திண்டு காட்டிப்போட்டு, மிச்சமெல்லாம் அண்ணாவுக்கு வைச்சன்.

இப்ப அண்ணா கடிச்சு முடியுமட்டும் நான் போனை வைக்கிறேல்லை.