மதில்மேல் வைத்த சோறு

அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டுப் பின்மதிலுக்குக் காகம் வருவது நின்றுபோனது. இதைச் சொன்னாலே எனக்கு எரிச்சல் வரும். காகம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று நினைக்கிற ஆள் நான். ஆனால் அம்மா அந்த வராத காகத்தை வைத்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அப்பா தன்மேல் கோபமாகப் போய்விட்டார், இனி இந்த வீட்டில் கை நனைக்க மாட்டார் என்று.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அப்பா இறப்பதற்கு முந்தின நாள் அப்பா, அம்மா, மகள் நான், மூவரும் பாலோ என்கிற ஊரில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. மதியம் மீன்குழம்பு. அப்பா விரலை நக்கிக்கொண்டே, நாலு பேர் நடுவில், "எங்கம்மா வச்ச குழம்பு மாதிரியே இருக்கு. எங்க வீட்டுல இப்படி ஒரு நாள்கூட வாய்க்கல" என்று சொல்லிவிட்டார். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசில் ஒன்றும் இருக்காது. அம்மா சிரித்துக்கொண்டே இருந்தார். காரில் ஏறியதிலிருந்து பேச்சில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"அப்ப அங்கேயே போய்ச் சாப்பிடுங்க."

மறுநாள் காலை அப்பா வேலைக்குச் சோறு கொண்டுபோகும் மங்கு கழுவிக் கவிழ்த்த இடத்திலேயே இருந்தது. அம்மா வேண்டுமென்றே கட்டிக் கொடுக்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். ஒரு தொழிற்சாலை வாசலில் செக்குரிட்டி வேலை அவருக்கு. பத்து மணிக்கு மேல், காவல் அறையில் உட்கார்ந்த நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. அம்மா மருத்துவமனையில் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, "காலையில ஏதாச்சும் சாப்பிட்டிருந்தாரா?" அந்த டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நான் மொழிபெயர்க்கவில்லை.

கருமாதி முடிந்து முதல் அமாவாசைக்கு அம்மா அதிகாலையிலேயே எழுந்து சமைத்தார். சாம்பார், வாழைக்காய், வடை, பாயாசம். வாழையிலைத் துண்டில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் வைத்து, பின்மதில்மேல் வைத்துக் கூப்பிட்டார். எங்கள் தாமான் குடியிருப்பில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும், பின்னால் குறுகிய சந்து, அதைத் தாண்டினால் பாசார், மீனும் காய்கறியும் விற்கும் சந்தை. காகம் இல்லாத நாளே கிடையாது. குப்பைத் தொட்டியை இழுத்துப்போட்டு அது பண்ணுகிற அட்டகாசத்துக்கு ஊரே திட்டும். அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டு மைனா வந்து பருக்கைகளைக் கொத்தின. பக்கத்து வீட்டுச் சீனப்பாட்டியின் பூனை வடையைத் தூக்கிக்கொண்டு போனது. அம்மா வெயில் ஏறும்வரை மதிலைப் பிடித்துக்கொண்டே நின்றார். அவரும் சாப்பிடவில்லை, என்னையும் சாப்பிட விடவில்லை.

அன்று மாலை அத்தை போன் செய்தார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. அழுதுகொண்டே சந்தோஷமாகச் சொன்னார், அவர் வைத்த சோற்றுக்கு ஒரு காகம் தனியாக வந்ததாம், கழுத்தைச் சாய்த்து அண்ணன் மாதிரியே பார்த்ததாம், இலையைச் சுத்தமாகக் காலி பண்ணிவிட்டுத்தான் போனதாம். அம்மா "அப்படிங்களா, நல்லதுங்க" என்று சொல்லி போனை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அங்கேயே போய்ட்டாரு" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய அத்தை வீட்டில் காகம் வராமல் வேறு என்ன வரும் என்று கத்தினேன். அடுத்த அமாவாசையும் அப்படியே போனது. அதற்கடுத்ததும். அம்மா மெலிந்துகொண்டே வந்தார். மீன் வாங்குவதை நிறுத்திவிட்டார். யாரோ சொன்னார்கள் என்று யோங் பெங் பக்கத்தில் ஒரு சாமியாடியைப் போய்ப் பார்த்தார். அந்த ஆள், போனவர் மனத்தாங்கலோடு போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டான். யாரிடம் சொன்னாலும் பொருந்துகிற பேச்சு. அந்த ஆளைப் பிடித்து நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று எனக்குக் கை துறுதுறுத்தது.

கேள்வி கேட்பதுதான் என் பிழைப்பு. மின்சாதனம் செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பொருள் கெட்டுப்போனால், ஏன், அது ஏன், அதுவும் ஏன் என்று தோண்டிக்கொண்டே போய்க் காரணத்தைப் பிடிக்கவேண்டும். காரணம் இல்லாமல் எதுவும் கெடாது. அம்மாவிடம் வாதம் பண்ணி அலுத்துப்போய், இந்தக் காகத்துக்கும் ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும் என்று ஒருநாள் உறைத்தது. இத்தனை நாள் அது எனக்குத் தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம்.

அதிக தூரம் போகவேண்டியிருக்கவில்லை. சீனப்பாட்டியிடம் மலாயில் கேட்டேன். அவர் கையைத் துப்பாக்கி மாதிரி வைத்துக் காட்டினார். காகம் பாசாரில் அசிங்கம் பண்ணுகிறது என்று புகார் போய், நகராண்மைக் கழகம் ஆட்களை அனுப்பிச் சுட்டிருக்கிறது. கீழே விழுந்தவற்றை மூட்டையில் கட்டி லாரியில் ஏற்றினார்களாம். மிச்சமிருந்தவை பயந்து இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. எங்கள் வீட்டில் கருமாதி முடிந்த அடுத்த நாள் அது நடந்தது என்று பாட்டிக்கு நன்றாக நினைவிருந்தது. எங்கள் வாசலில் இன்னும் பந்தல் பிரிக்காமல் இருந்ததாம்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. கிட்டத்தட்ட ஓடினேன். அம்மா அடுக்களைத் தரையில் உட்கார்ந்து காய்ந்த நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார், எனக்காக. அவர் எதிரிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கோபமும் இல்லை, சாபமும் இல்லை, சுட்டுவிட்டார்கள், அவ்வளவுதான் என்று. அம்மா முகம் தெளியும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எப்ப சுட்டாங்க?" என்றார்.

சொன்னேன். அவர் விரல்கள் நின்றன.

"எனக்குக் கேட்டுச்சு. பட்டாசுன்னு நெனச்சேன். எவனோ கடை தெறக்கிறான்னு." கிள்ளிப்போட்ட தலைகளை ஒருபக்கமாக ஒதுக்கினார். "அன்னைக்கு மீன்குழம்பு வச்சேன்டி. அத்தை வைக்கிற மாதிரியே, அவங்ககிட்ட கேட்டு வச்சேன். மதில்ல வச்சிட்டு உள்ள வந்தேன். அப்பதான் அந்தச் சத்தம்."

எனக்கு இது தெரியாது. அவர் அத்தையிடம் போய்ச் செய்முறை கேட்டார் என்பதே எனக்குத் தெரியாது. வீம்புக்காரி அம்மா.

"அப்ப வந்திருக்காரு" என்றார். "கோவமெல்லாம் இல்ல. கூப்பிட்டதும் வந்திருக்காரு. இங்க வராம அத்தை வீட்டுக்கே போயிருந்தா உயிரோட இருந்திருப்பாரு."

"அப்பா செத்துட்டாரும்மா" என்று கத்திவிட்டேன்.

"தெரியும். அது மாரடைப்பு. இது என் சோத்துக்கு வந்து."

நான் கொண்டுவந்த காரணம் சரியான காரணம்தான், இன்றைக்கும் அதில் ஒரு பிழையும் சொல்ல முடியாது. அம்மா அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். சாமியாடி சொன்னதைவிட நான் சொன்னதை நம்பினார். மனத்தாங்கல் என்றால் என்றைக்காவது தீரும் என்றாவது காத்திருந்தார். இப்போது அதுவும் போயிற்று. அன்றிரவு நெத்திலி சம்பலை நான் தொடவில்லை, அம்மாவும் தொடவில்லை.

அடுத்த அமாவாசைக்கு அம்மா பின்கதவைத் திறக்கவில்லை. சமைத்ததை அப்பாவின் மங்கிலேயே கட்டி, தன்னைப் பாலோவுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அத்தை வீட்டுப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் அம்மாவும் அத்தையும் சேர்ந்து வைத்தார்கள். காகங்கள் கூட்டமாக வந்தன. அத்தை அழுதார். அம்மா காகத்தைப் பார்க்கவில்லை, அக்கம்பக்கத்தில் யாராவது துப்பாக்கி வைத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு மாதாமாதம் அந்தப் பயணம்தான். காரில் மங்கை மடியிலேயே வைத்துக்கொள்வார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போடப் பின்னால் போனபோது மதில்மேல் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. காகங்கள் திரும்பி வருவது இயல்புதான், எவ்வளவு சுட்டாலும் ஒருநாள் வரும், பாசார் அங்கேயே இருக்கும்போது வராமல் எங்கே போகும். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் துணியை அப்படியே போட்டுவிட்டு அடுக்களைக்குள் போய் ஒரு கைச் சோற்றை அள்ளினேன். குழம்பையும் ஊற்றினேன். "அம்மா, சீக்கிரம் வாங்க, வந்திருக்கு" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

அம்மா விளக்குமாற்றோடு வந்தார்.

என்னைத் தள்ளிக்கொண்டு போய் மதிலில் ஓங்கி அடித்தார். காகம் எழும்பிப் பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. அம்மா மறுபடி அடித்தார். அவருக்கு மூச்சு வாங்கியது, கண்ணீர் தாடையில் வழிந்தது.

"போங்க. இங்க வராதீங்க. சொன்னா கேளுங்க. அங்கேயே போய்ச் சாப்பிடுங்க."

காகம் பாசார் பக்கம் பறந்து போனது. அது கண்ணிலிருந்து மறையும்வரை அம்மா விளக்குமாற்றை இறக்கவில்லை. நான் கையில் சோற்றோடு அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.