என் தலை மேல் செய்த சத்தியம்

பத்துப் பேருக்கான நெய்ச்சோறு அந்தத் தேக்சாவில் வெந்துகொண்டிருந்தபோது, இன்னும் இரண்டு கை உப்பை அள்ளிக் கொட்டிவிடலாமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது. என் தங்கைக்காக எங்களைப் பெற்ற அத்தா முறிக்கப்போகிற சத்தியத்துக்கான சோறு அது. அல்லாஹ்வின் பெயரால் செய்த சத்தியத்தை முறித்தால் பத்து ஏழைகளுக்கு வயிறாரச் சாப்பாடு போட வேண்டும். முடியாதவர் மூன்று நோன்பு வைக்க வேண்டும். கஃப்பாரா என்று அந்தப் பரிகாரத்தைச் சொல்வோம். அம்மா மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு அத்தா வீட்டில் பெரிய சமையல் என்றால் கூப்பிடுவது என்னைத்தான். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, தளியிலிருந்து முதல் பஸ் பிடித்து ஓசூர் வந்து, எனக்குக் கிடைக்காத ஒன்றை அவளுக்கு வாங்கித்தர வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். பொறாமை என்று நாகரிகமாகச் சொல்லலாம். வயிற்றெரிச்சல் என்பதுதான் சரி.

அத்தா சிப்காட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். கோபம் வந்தால் அவர் வாயில் முதலில் வருவது சத்தியம்தான். கம்பெனியில் என்னோடு ஒரே லைனில் வேலை பார்த்த தளிக்காரரைக் கட்டிக்கொள்கிறேன் என்று நான் சொன்னபோது, "அவங்க வீட்டுல உருது, தெருவுல கன்னடம். நீ யாருகிட்ட போய்த் தமிழ்ல அழுவ?" என்று கேட்டார். நான் அழவே மாட்டேன் என்றேன். அந்தத் திமிர் அவருக்குப் பொறுக்கவில்லை. என் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, "உன் தலை மேல சத்தியமா சொல்றேன், நீ வாழப்போற வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்" என்றார். சொன்னாரே தவிர, நிக்காஹ்வை முன்னின்று நடத்திவைத்தார். எனக்கு ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் ராப்பகலாக இருந்தார். வீட்டுக்கு மட்டும் வரவில்லை. மாம்பழக் காலத்தில் கனத்த பையோடு தளி பஸ் ஸ்டாப் வரை வருவார். என் வீட்டுக் கதவு அங்கிருந்து பார்த்தால் தெரியும். பையைக் கொடுத்து, பேரனைக் கொஞ்சிவிட்டு, அந்த பஸ் திரும்பும்போது அதிலேயே ஏறிவிடுவார். டீயாவது குடிங்க அத்தா என்றால் பஸ் ஸ்டாப் கடை டீயைத்தான் குடிப்பார். நாலு வீடு தள்ளி என் அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருக்கும்.

தங்கை கதை வேறு. அவளைத் தன் சொந்த அக்கா மகனுக்கே கொடுத்திருந்தார். மாமியாரோடு ஒத்துப்போகாமல் அவள் புருஷனைக் கிளப்பிக்கொண்டு பாகலூர் ரோட்டில் தனிக்குடித்தனம் போனாள். அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று கொதித்த அத்தா, "அல்லா மேல சத்தியமா அந்த வீட்டுல கால் வைக்க மாட்டேன்" என்றார். அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்து படுத்த படுக்கையானதும் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஓடினார். நல்லதுக்குக் குறுக்கே நிற்கிற சத்தியத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம், கஃப்பாரா கொடுத்துவிட்டு மகளைப் போய்ப் பாருங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவளுக்கு ஒரு காய்ச்சல் போதும். எனக்கு வயிற்றைக் கிழித்தும் போதவில்லை.

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் படுத்துக்கிடக்கும் பத்துப் பேரை அத்தா அழைத்துவந்து உட்காரவைத்தார். அவர்கள் வயிறாரச் சாப்பிட்டுப் போனார்கள். உப்பு சரியாகத்தான் இருந்தது. அத்தா குளித்து, தங்கை வீட்டுக்குப் போக வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"ஏன் அத்தா, அவளுக்குன்னா பத்துப் பேரு கெடைக்கறாங்க. எனக்குன்னா ஓசூர்ல ஏழைங்களே இல்லாம போயிட்டாங்களா?"

பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. "அது அல்லா மேல போட்டது புள்ள. அவன்கிட்ட அழுது கேட்டா மன்னிச்சு விட்டுருவான். உன்னுது உன் தலை மேல போட்டது. அத முறிச்சு உனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா, நான் யாருகிட்ட போய்க் கேக்கறது?"

இத்தனை வருஷம் வைராக்கியம் என்று நான் நினைத்திருந்தது வெறும் பயம். எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயம். சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. தங்கை வீட்டுக்குக் கிளம்பியவரை மறித்து முதலில் ஹஜ்ரத்திடம் இழுத்துப்போனேன். விஷயத்தைக் கேட்டு ஹஜ்ரத் சிரித்துவிட்டார். "பாய், அல்லா பேரைச் சொல்லிச் செஞ்சாதான் சத்தியம். தலை மேல செய்யறது சத்தியமே இல்ல. முறிக்க அங்க ஒண்ணும் கெடையாது. அப்படிச் செஞ்சதுதான் தப்பு. அல்லாகிட்ட மன்னிப்பு கேட்டு தௌபா செஞ்சிட்டு மக வீட்டுல போய்ச் சாப்பிடுங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அத்தா தளிக்கு வந்தார். வாசலிலேயே நின்று, என் தலையில் கை வைத்து நெடுநேரம் ஓதி ஊதினார். பிறகுதான் வலது காலை உள்ளே வைத்தார். ஹஜ்ரத் சொன்னதை அவர் நம்பினாலும் முழுசாக நம்பவில்லை. சாப்பிடும்போதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு தினமும் காலையில், நான் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில், போன் வரும். "தலை கிலை வலிக்குதா புள்ள?" கடைசியாகப் படுக்கையில் விழும்வரை அந்த போன் நிற்கவில்லை.

அத்தா இப்போது இல்லை. போன மாதம் அவர் வீட்டை ஒழுங்குபடுத்த நானும் தங்கையும் போயிருந்தோம். பேச்சுவாக்கில் அவள், "எனக்காகப் பத்துப் பேருக்குச் சோறு போட்டாரே, அந்த மாதிரி யாருக்கு அத்தா கெடைப்பாங்க" என்று வழக்கமான பெருமையை ஆரம்பித்தாள். அன்று அத்தா எனக்குச் சொன்ன பதிலை அவளிடம் அதுவரை நான் சொன்னதில்லை. சொன்னேன். கையிலிருந்த போர்வையைப் பாதி மடித்தபடியே அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ என் தலை மேல ஏன்க்கா சத்தியம் பண்ணல?"

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்குச் சொல்ல மனம் வரவில்லை.