உளுந்தஞ்செடி மேல் நின்ற கார்

எப்போதும்வென்றான் ஊருக்கு முன்னால் கரிசல் காட்டுச் சாலையில் கார் திடீரென்று நின்றுவிடுகிறது. சக்கரங்கள் மிதித்து மணி உதிரட்டும் என்று சாலை முழுக்க உளுந்தஞ்செடியைப் பரப்பியிருக்கிறார்கள்; வேகத்தைக் குறைத்துத்தான் அதன் மேல் ஏறினேன். சாவியைத் திருகுகிறேன். இஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. பெட்ரோல் இருக்கிறது, பேட்டரியும் சரி. பின்சீட்டில் மகள் தூங்குகிறாள். எட்டாவது முறை திருகும்போது, சாலையோரம் உளுந்து புடைக்கும் பெண் முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார்.

“அண்ணாச்சி, சாவிய விடுங்க! அடியில பொகையுது!”

மகளை வாரிக்கொண்டு இறங்குகிறேன். அவர் காருக்கு அடியில் ஒரு கம்பை விட்டு இழுக்கிறார். சைலன்சரில் சுற்றிய செடி கருகிய உருண்டையாக வந்து விழுகிறது, அதோடு அறுந்த வயர் ஒன்றும். ஒரு குடம் தண்ணீரை அடியில் வீசுகிறார்.

“வயர் அத்துதான் வண்டி நின்னுருக்கு. நின்னதும் நல்லதாப் போச்சு. போன வருசம் ஒரு கார் ஓடிக்கிட்டே இருந்து, இங்கனதான் எரிஞ்சுது.”

மகளைச் சாலையோரம் இறக்கிவிடுகிறேன். காரை ஓரமாகத் தள்ளியதும், அவர் அதே இடத்தில் செடியை மறுபடி பரப்புகிறார்.

“இன்னுமா பரப்புறீங்க?”

“வேற களம் எங்கன இருக்கு, அண்ணாச்சி? வண்டி மிதிச்சாத்தான உதிரும்.”

வளைவில் இன்னொரு கார் வருகிறது. செடியைக் கண்டதும், என்னைப் போலவே, மரியாதையாக வேகத்தைக் குறைக்கிறது.