ஒரு முகவரி, இரண்டு மகள்கள்

புதுக் கைபேசிக்குத் தொடர்புகளை மாற்றிக்கொண்டிருந்தபோது அது ஒரு கேள்வி கேட்டது. ஒரே மின்னஞ்சல் முகவரி இரண்டு பெயர்களில் இருக்கிறதாம், ஒன்றாக்கிவிடவா என்று. பெயர்களைப் பார்த்தேன். 'மேல்கணக்கு அக்கா மகள்', 'கீழ்க்கணக்கு அக்கா மகள்'. விரல் அப்படியே நின்றுவிட்டது.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் அண்ணி இலங்கை மலையகத்தில், கொட்டகலைக் கடைவீதியில் ஒரு கொமினிகேசன் நடத்தினார்; தொலைபேசியும் மின்னஞ்சலும் உள்ள சின்னக் கடை. மின்னஞ்சல் தட்டுவது என் வேலை. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் பலர் அரபு நாடுகளில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். சொந்த முகவரி எவருக்கும் கிடையாது. முதலாளியின் மகனோ டிரைவரோ மனசு வைத்தால் அவர்களுடைய முகவரியிலிருந்து நாலு வரி வரும். அச்செடுத்து லயத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவோம். அதனால் எங்கள் முகவரிப் பட்டியலில் பெயர் என்ற இடத்தில் யாரோ ஓர் அரபுக்காரர் இருப்பார். அது எந்த வீட்டுப் பெண் என்பதை அண்ணி கீழே குறிப்புக் கட்டத்தில் எழுதச் சொல்வார். அங்கேயும் பெண்ணின் பெயர் கூடாது. "லெச்சுமின்னு கூப்புட்டா பத்துப் பேரு திரும்பிப் பாப்பாங்க. அம்மா யாருன்னு எழுதுப்பா, போதும்" என்பார்.

பழைய கணினி படுத்துவிட்டது. ஹட்டனிலிருந்து வந்த ரிப்பேர்காரர் முகவரிகளை ஒரு பிளாப்பியில் எடுத்துப் புதியதில் ஏற்றிவிட்டு, பழையதைத் துடைத்து எடுத்துப்போனார். மறுநாள் திறந்தால் முகவரிகள் இருந்தன, அரபுக்காரர்கள் இருந்தார்கள், குறிப்புகள் மட்டும் வரவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது எங்களுக்கு.

எல்லா முகவரிக்கும் ஒரே வரியை அனுப்பச் சொன்னார் அண்ணி. "நீ யாரு வீட்டுப் புள்ள? அம்மா தேடுது." பதில்கள் மெதுவாக வந்தன. ஒவ்வொன்றாக அம்மா பெயர் போட்டோம். கடைசியில் பதில் வராத முகவரி ஒன்று மிஞ்சியது. மகளைப் பற்றித் தகவல் இல்லாத அம்மாக்கள் இருவர் மிஞ்சினார்கள். ஒருவர் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கு, மற்றவர் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கு. வேலை விட்டதும் இருவரும் இறங்கி வந்து எங்கள் பெஞ்சில் உட்காருவார்கள். மகள் உயிரோடு இருக்கிறாளா என்பதுதான் கேள்வி. அதைக் கேட்கப் பயந்து, "கம்பியூட்டர் நல்லாருச்சாங்க?" என்பார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

ஒருநாள் அவர்கள் இருக்கும்போதே அந்த முகவரியிலிருந்து பதில் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். அண்ணி உரக்க வாசித்தார்: "அம்மாவ அழ வேணாம்னு சொல்லுங்க. நான் நல்லா இருக்கேன்." பெயர் இல்லை, ஊர் இல்லை.

"எம் புள்ளதாங்க. அது அப்படித்தான், சுருக்கமாத்தான் பேசும்" என்று மேல்கணக்கு அக்கா அழுதார்.

"எம் மகதாங்க" என்றார் கீழ்க்கணக்கு அக்கா. அவரும் அழுதார்.

யாருடைய மகள் என்று நான் வாயைத் திறக்கப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினார். "ரெண்டு பிரிண்ட் எடுப்பா, ஆளுக்கு ஒண்ணு" என்றார்.

அந்த முகவரியை அவரே இரண்டு முறை பதிந்தார், இந்தத் தடவை பெயர் என்ற இடத்திலேயே. அந்தப் பட்டியல்தான் கணினி மாறிக் கணினி மாறி என் கைபேசிக்கும் வந்து சேர்ந்தது. அதன்பிறகு நாங்கள் அனுப்பிய எதற்கும் பதில் வரவில்லை. அண்ணி செய்தது சரியா என்று இன்றும் எனக்குக் குழப்பம்தான். எழுதியவள் யார் மகள்? அப்படியானால் மற்றவள் எங்கே?

கைபேசி இன்னும் பதிலுக்குக் காத்திருந்தது. ஒன்றாக்கினால் ஒரு மகள் போய்விடுவாள். எந்த மகள் என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வேண்டாம் என்று அழுத்தினேன்.