வரைபடத்தில் இல்லாத பூட்டு

மெல்பர்னுக்கு வந்த புதிதில் மாமா கால் ஓயாமல் நடந்தார். கிளென் வேவர்லி ரயில் நிலையம், கடைத்தெரு, பூங்கா என்று சுற்றிவிட்டு வந்து, "ரோடு என்ன சுத்தம்மா!" என்பார். பிறகு ஒருநாள் திடீரென்று நிறுத்திவிட்டார்.

அது 2012, குளிர்காலம். மாமா என் கணவரின் அப்பா. மதுரையிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்தார். வெளியே போவதைத்தான் நிறுத்தினாரே தவிர, நடப்பதை நிறுத்தவில்லை. கூடத்திலிருந்து சமையலறை, அங்கிருந்து வாசல் கதவு, மறுபடி கூடம். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் அந்தச் செருப்புச் சத்தம் என் தலைக்குள்ளேயே நடந்தது.

"வெளிய போயிட்டு வாங்களேன் மாமா."

"குளிருதும்மா."

வெயில் அடித்த நாளிலும் அதே பதில்தான். நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனோ என்று உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. கணவரிடம் கேட்டால், "அவர் அப்படித்தான், விடு" என்று முடித்துவிடுவார்.

எனக்கு வேலை மல்கிரேவில், நகராட்சிகளுக்கு வரைபடம் செய்து கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில். தெருவிளக்கு, பெஞ்சு, குடிநீர்க் குழாய், பொதுக் கழிப்பறை என்று எல்லாவற்றையும் புள்ளிகளாக ஏற்றுவோம். பக்கத்து மேசையில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அவரிடம் புலம்பினேன்.

"அவருக்குச் சுகர் இருக்கோ?" என்று கேட்டார் அக்கா.

"ஆமா. ஏன்?"

"என்ர அப்பாவும் இப்பிடித்தான் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தவர். அடிக்கடி பாத்ரூம் போகோணும். வெளிக்கிட்டா எங்க போறது? மகள் எனக்கே சொல்லேல்ல. மருமகளுக்குச் சொல்லுவாரோ?"

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன். ஊர்க் கழிப்பறைகளையெல்லாம் என் கணினியில் வைத்துக்கொண்டு, மாமாவுக்கு என்ன குறை என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று மாலையே எங்கள் பகுதியின் கழிப்பறைகளையும் பெஞ்சுகளையும் பிரித்தெடுத்து, கணவரின் பழைய ஃபோனில் ஏற்றினேன். மாமாவிடம் நேராகச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

"எங்க ஆபீஸ்ல ஒரு மேப் போட்டிருக்கோம் மாமா. பெஞ்சு, டாய்லெட் எல்லாம் காட்டும். சரியா இருக்கான்னு நடந்து பார்த்துச் சொல்றீங்களா?"

என் முகத்தைப் பார்க்காமல் ஃபோனை வாங்கிக்கொண்டார். "பார்க்கலாம்."

மறுநாள் ஆபீஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டு நம்பருக்கு ஃபோன் போட்டேன், மணி மட்டும் அடித்தது. மேப் ஏற்றிக் கொடுத்த ஃபோனையும் அவர் எடுக்கவில்லை. திரையில் இருந்த புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகராட்சி கொடுத்ததை அப்படியே ஏற்றியிருந்தேன். அவற்றில் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை.

"நீங்க வீட்ட போங்கோ, நான் பாக்கிறன்" என்று அக்கா என்னைக் கிளப்பிவிட்டார்.

வீட்டில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை மாமா அதைத் தொட்டதே கிடையாது. குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பூங்கால இருக்கிறது பூட்டிக் கிடக்கும்மா" என்றார். "அதை நம்பித்தான் போனேன்."

மெஷின் நின்றதும் துணிகளை எடுத்து உலர்த்தினேன்.

அந்த வாரக் கடைசியில் ஒவ்வொரு புள்ளியாக நானே நடந்தேன். விளையாட்டுப் போட்டி நாளில் மட்டும் திறப்பது ஒன்று. குளிர்காலம் முழுக்க மூடியே இருப்பது ஒன்று. திங்கட்கிழமை மேலாளரிடம் சொன்னேன். "அவங்க குடுக்கிறதைப் போடுறதுதான் நம்ம வேலை" என்றார். நான் விடவில்லை. பராமரிப்பு ஆட்களை ஃபோனில் பிடித்துத் திறக்கும் நேரம் கேட்டு, மூடியவற்றைச் சாம்பல் நிறமாக்கினேன். அக்காவும் தன் பங்குக்குக் கேட்டுச் சேர்த்தார். வேலை வாரக்கணக்கில் இழுத்தது. அதுவரை வீட்டில் செருப்புச் சத்தம் ஓயவில்லை.

ஒரு காலை மாமாவே கேட்டார். "அந்த மேப்பைச் சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் மாமா. நானே போய்ப் பார்த்துட்டேன்."

ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அன்று கடைத்தெருவரை மட்டும் போனார். ஊருக்குத் திரும்புவதற்குள் ரயிலேறி நகரத்துக்கே தனியாகப் போய்வந்தார்.

மதுரைக்குப் போன பிறகு ஃபோனில் பேசும்போது, "நடக்கப் போறீங்களா மாமா?" என்று கேட்டேன்.

"இங்க எங்கம்மா போறது? மொட்டை மாடியிலயே சுத்துறேன்."

அன்று மதியம் கணினியில் மதுரையின் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, மாமாவின் தெருவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கே ஒரு புள்ளி வைப்பது என்று தெரியவில்லை. மூடினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி திறந்தேன்.