லாரிக்கார சம்பத் விமானம் இறக்கியது

கார்வேட்டிநகரம் சம்பத்துக்கு லாரி ஓட்டுவது தண்ணி பட்ட பாடு. சத்தியவேடு ஆந்திராவோடு சேர்ந்த 1960-ஆம் வருஷம், ஏர்பேட்டுக்கு வெளியே புதிதாக வந்த ஒரு ஃப்ளையிங் கிளப்பில் பெட்ரோல் லாரி ஓட்டப் போனார். ஓய்வு நேரத்தில் விமானம் ஓட்டவும் கற்றுத் தருவதாகப் பேச்சு. கற்றுத்தந்த மனோரமா மெட்ராஸ்காரர், அவரைவிட வயதில் சின்னவர்.

முன்னால் இரண்டு சக்கரம், வாலில் ஒரு குட்டிச் சக்கரம் வைத்த சின்ன விமானம் அது. தரையில் ஓடும்போது அதைத் திருப்புவது கையிலிருக்கும் குச்சி அல்ல. காலடியில் இருக்கும் இரண்டு மிதிகள்; வலதை மிதித்தால் வலப்பக்கம், இடதை மிதித்தால் இடப்பக்கம் திரும்பும். லாரி பழகிய சம்பத்துக்கு அது மட்டும் மனசில் ஏறவில்லை.

ஒருநாள் காலை, மலைப் பக்கமிருந்து குறுக்குக்காற்று. சம்பத் குலுங்காமல் இறக்கினார். வந்துவிட்டோம் என்று மூச்சு விட்டார். அதற்குள் காற்று வாலைத் தள்ள, மூக்கு இடது பக்கம் திரும்பியது. லாரி நினைப்பில் குச்சியை வலது பக்கம் சாய்த்து, பிரேக் என்று எண்ணி இரண்டு மிதியையும் அழுத்தினார்.

முன் இருக்கையிலிருந்து மனோரமா, "கால், கால்" என்றார். அவருக்குத்தான் காலில் அடி என்று பதறிய சம்பத் இன்னும் இறுக்கி மிதித்தார். இரண்டு இருக்கையின் மிதிகளும் ஒன்றோடொன்று இணைந்தவை என்பதால் மனோரமாவின் மிதியும் அசையவில்லை. விமானம் ஒரு சுற்று சுற்றி வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கி, ஒரு இறக்கை மண்ணில் குத்தி நின்றது.

"உங்க காலுக்கு இன்னாம்மா ஆச்சு?"

"என் காலுக்கு ஒண்ணுமில்ல. உங்க காலைத்தான் சொன்னேன்."

கொல்லைக்காரர் கங்கையா ஓடி வந்து, அடிபட்டதா என்று தெலுங்கில் விசாரித்தார். இருவரும் முழுசாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் செடிகளைப் பார்த்தார்.

"நான் இனிமே லாரியே ஓட்டிக்கினு இருக்கேம்மா" என்றார் சம்பத்.

"இறக்கினது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது நிக்கிற வரைக்கும் உங்களுக்கு வேலை இருக்கு."

இறக்கையைச் சரிசெய்ததும் மனோரமா அவரை மேலே கூட்டிப் போகவில்லை. மைதானத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விமானத்தைத் தரையிலேயே உருட்டவிட்டார். கையைத் தொடையில் வைத்துக்கொண்டு காலாலேயே ஓட்டச் சொன்னார். பார்க்க வந்த சம்பத்தின் மனைவி யசோதா, "பறக்காத விமானத்துக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பெட்ரோலு?" என்று கேட்டாள்.

கொஞ்ச நாளில் காலுக்கு வழி தெரிந்தது. மனோரமா கீழே இறங்கிக்கொண்டு அவரைத் தனியாக அனுப்பினார். அன்றும் குறுக்குக்காற்றுதான். சம்பத் இறங்கினார், வால் லேசாக ஆடியது, கால் அதைத் திருத்தியது. இன்ஜின் அணைந்தும் அவர் இருக்கையை விட்டு எழவில்லை. மனோரமா நடந்து வந்தார்.

"ஏன் இறங்கல?"

"நின்னுடுச்சான்னு பாத்துக்கினு இருக்கேம்மா."